உப்புக்கல் பக்கத்துக் குரல்

“நான் ஒல்லி. வயசு இருபத்து மூணு. ரூம்லதான் இருக்கேன்.”

மேசைமேல் சாய்த்து வைத்திருந்த பழைய டேப்லெட்டில் மான்கள் தலையைத் தூக்கின.

அதுவரை அவை உப்புக்கல்லைச் சுற்றி நின்று, பனி படிந்த முதுகும் ஈர மூக்குமாக, சர்சர் என்று நக்கிக்கொண்டிருந்தன. அவன் வாயைத் திறந்ததும் எல்லாக் காதுகளும் ஒரே பக்கம் திரும்பின. கேமரா இருந்த மரத்தின் பக்கம். அதாவது, அவன் பக்கம்.

பேச்சை நிறுத்தினான். தலைகள் தாழ்ந்தன.

“அம்மா, சாப்பிட்டியா?” என்று போனிடம் கேட்டான். மீண்டும் தூக்கின.

காற்றில் ஏதோ வாடை வந்திருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு மிச்சச் செய்தியையும் பேசி முடித்தான். அவன் பேசப் பேசப் போனில் எழுத்து ஓடியது. ஓட்டல் துணி வெளுக்கும் ஆலையில் சேர்ந்ததிலிருந்து நீராவியும் வெளுப்புக் காரமும் அவன் விரல் நுனிகளைக் கண்ணாடி மாதிரி வழுவழுப்பாக்கிவிட்டன; எந்தத் திரையைத் தொட்டாலும் பாதி நேரம் அது அவனை மதிப்பதில்லை. அதே காரம் தொண்டையிலும் இறங்கி, எதைச் சொன்னாலும் கடைசியில் ஒரு வறட்டு இருமலை ஒட்டிவிடும்.

குரலாகவே அனுப்பலாம்தான். ஆனால் ஊரில் அம்மா ராத்திரி ஷிப்டு பார்க்கும் தையல்கூடத்தில் மிஷின்கள் போடும் சத்தத்தில் ஒரு மண்ணும் காதில் விழாது. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது; எழுத்தாக வந்தால், பக்கத்து மிஷினில் அன்றைக்கு யார் உட்கார்ந்திருக்கிறார்களோ அவர்கள் அம்மாவின் காதருகே குனிந்து படித்துக் காட்டுவார்கள். எவனோ ஒருவன் போனில் பிள்ளை மாதிரி அழுது, ஒரு தாயை வீட்டை விட்டுக் கிளப்பி, நடுத்தெருவில் நிறுத்திய கதையைக் கேட்ட நாளிலிருந்து அம்மா ஒரு சட்டம் போட்டிருந்தாள்.

“பேரு, வயசு, எங்க இருக்கே. எழுத்தோ பேச்சோ, முதல்ல மூணையும் சொல்லணும். ஒண்ணு இடிச்சாலும் அது என் புள்ள இல்ல, எவனோ. ரெண்டு பேருக்கும்தான் சொல்றேன். வாலு, உன்னையும்தான்.”

வாலு அவன் தங்கை. பத்தொன்பது வயது. இதே நாட்டில் இன்னொரு நகரத்தில் நர்சிங் படிக்கிறாள். அம்மா அவளை அனுப்பச் சம்மதித்தது ஒல்லியின் பேச்சைக் கேட்டுத்தான். விமான நிலையத்தில் கையைப் பிடித்துக்கொண்டு, “உன்னை நம்பித்தான்டா விடுறேன்” என்று அம்மா சொன்னது இன்னும் அவன் கையிலேயே இருந்தது. வந்ததிலிருந்து வாலு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: மலை, காடு, செங்குத்துப் பாறையில் ஏறுகிற கொம்பு வளைந்த காட்டாடு. படத்தில் இல்லை, நேரில். வருகிற சனி, ஞாயிறு அவளுக்கு லீவு. ஒல்லி மலைமேல் ஒரு விடுதியில் அறை சொல்லிவிட்டான். விடுதிக்காரம்மா ரொம்பத் தங்கமாகப் பேசினாள். வருகிற இருவரின் நம்பரையும் கேட்டு வாங்கிக்கொண்டு, வருவதற்கு முன்பே மிருகங்களைப் பார்க்கட்டும் என்று, பஸ் நிற்கும் ரோட்டிலிருந்து விடுதிக்குப் போகிற காட்டுவழியில் இருக்கும் உப்புக்கல் கேமராவின் இணைப்பையும் அனுப்பினாள். அன்றிலிருந்து அறைக்கு வந்ததும் டேப்லெட்டை ஓடவிட்டுக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்து அம்மாவுக்குச் செய்தி பேசுவது அவன் வழக்கமாகிவிட்டது.

“என்னடா, மானுக்கு டியூஷன் எடுக்குறியா?”

டிரைவர் அண்ணன் உள்ளே வந்தார். ஆலையின் வேனை ஓட்டுகிறவர், இந்த அறையில் இன்னொரு கட்டில் அவருடையது. ஜாக்கெட்டைக் கழற்றிக்கொண்டே திரையை எட்டிப் பார்த்தார்.

“அண்ணே, நான் பேசினா இதுங்க திரும்பிப் பாக்குதுண்ணே.”

“பாக்காம? அடேய் வெண்ண, ஓரத்துல பச்சையா ஒண்ணு எரியுதே, அது என்னன்னு நினைச்சே? மைக்குடா. கரடி கிரடி வந்தா இங்கேருந்தே கத்தி விரட்டறதுக்கு மரத்துல ஸ்பீக்கர் கட்டியிருப்பாங்க. இத்தனை நாளா உங்க குடும்பக் கதைய காட்டுக்கே ஒலிபரப்பியிருக்கே!”

விழுந்து விழுந்து சிரித்தார். ஒல்லியும் சிரித்தான். பச்சையை அணைக்க விரலை வைத்தான், திரை மதிக்கவில்லை. அண்ணன்தான் தட்டி அணைத்தார்.

“அந்த விடுதிக்காரம்மா எப்படிண்ணே, நல்ல மாதிரியா? நீங்கதானே அங்க துணி கொண்டு போறீங்க?”

“யாருக்குத் தெரியும்? கேட்டுக்கு வெளியில மூட்டையை வச்சிட்டு ஹாரன் அடிச்சா, வீட்டுக்குள்ளேருந்து ‘வச்சிட்டுப் போங்க’ன்னு குரல் வரும். பழைய மூட்டை அங்கேயே இருக்கும், எடுத்துட்டு வந்துடுவேன். மூஞ்சியப் பார்த்ததில்ல.” கொட்டாவி விட்டார். “குரல் மட்டும் நல்ல குரல்.”

மறுநாள் ஆலையில் அந்த மூட்டை ஒல்லியின் கைக்கே வந்தது.

அழுக்குத் துணி என்று வந்த மூட்டை. ஆனால் மேலே போட்டிருந்த முடிச்சு அவன் போட்ட முடிச்சு. இடது கைக்காரனான அவன் மட்டும் போடுகிற, எதிர்ப்பக்கம் திரும்பிய முடிச்சு. அதை யாரும் அவிழ்க்கவே இல்லை. அவிழ்த்தான். உள்ளே படுக்கை விரிப்புகள், துணி தேய்க்கும் சூட்டு உருளையிலிருந்து வந்தபடியே, அவன் மடித்த மடிப்புக் கலையாமல் இருந்தன. யாரும் படுக்கவில்லை. யாரும் விரிக்கவில்லை. ஆனால் எல்லாமே நனைந்து சில்லிட்டிருந்தன. அடியிலிருந்து ஈர ரோமத்தின் வாடையும், அதற்கும் கீழே, நாக்கில் ஊறுகிற மாதிரி ஒரு உப்பு வாடையும் எழுந்தன.

“என்னப்பா, பேயைப் பார்த்தவனாட்டம் நிக்குறே? விரி, விரி,” என்றாள் உருளையில் துணியின் மறுமுனையைப் பிடிக்கிற அக்கா. விரித்தான். இருவருக்கும் நடுவே துணி வெள்ளையாக விரைத்து நின்றது. அதன் நடுவில் ஒரு வட்டம், கல்லில் மான் நக்கிய பள்ளம் மாதிரி, நூல் தேய்ந்து வழுவழுவென்று இருந்தது.

மத்தியான இடைவேளையில் விடுதிக்குப் போன் போட்டான்.

“வாங்க, வாங்க. நல்லாத் தூங்குவீங்க, சத்தமே இருக்காது.”

“அம்மா, அங்க வேற யாராவது தங்கியிருக்காங்களா?”

“வாங்க, வாங்க. நல்லாத் தூங்குவீங்க, சத்தமே இருக்காது.”

ஏற்ற இறக்கம் மாறவில்லை. மூச்சு எடுத்த இடம் மாறவில்லை. போன வாரமும் இதையேதான், இப்படியேதான் சொன்னாள் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. போனை வைத்துவிட்டான். அப்போதே வாலுவுக்கு எழுத்து அனுப்பினான்: மலை வேண்டாம், வேறெங்காவது போவோம், சாயங்காலம் பேசுகிறேன். ஒற்றை டிக் விழுந்தது. இரண்டாவது விழவில்லை.

குளிர்காலத்தில் அந்த ஊரில் சூரியன் பேருக்குத்தான் வரும். வேலை முடிந்து அவன் படியேறியபோதே இருட்டிவிட்டது. கீழே டயர்க் கடையின் காற்றடிக்கும் இயந்திரம் விக்கி விக்கி ஓய்ந்தது. அண்ணன் இன்னும் வரவில்லை. அறைக்கதவைத் திறந்ததும், விளக்கைப் போடுவதற்கு முன்பே, யாரோ பேசுவது கேட்டது.

“...வயசு இருபத்து... வயசு... இருபத்து மூணு.”

அவன் குரல்.

டேப்லெட் மேசையில் விழித்திருந்தது. காலையில் அதை மூடி வைத்துவிட்டுப் போனவன் அவன்தான். ஓரத்தில் பச்சை எரிந்தது. திரையில் சாம்பல் நிறக் காடு, உப்புக்கல், அதன்மேல் மெதுவாக இறங்குகிற பனி. மான்கள் இல்லை. கல்லுக்குப் பின்னால், வெளிச்சம் தீர்ந்துபோகிற இடத்தில், ஒன்று பாடம் படித்துக்கொண்டிருந்தது.

“நான் ஒல்லி. நான் ஒல்லி. ரூம்லதான்... இங்கதான்... விடுதிலதான் இருக்கேன்.” பிறகு, சரியான இடத்தில், வறட்டு இருமல். அதையும் இரண்டு மூன்று தரம் இருமிப் பார்த்தது. மூன்றாவது அச்சாக இருந்தது.

எதிரொலி. எதிரொலியாகத்தான் இருக்கும். ஆனால் அவன் விடுதியில் இருப்பதாக ஒருநாளும் சொன்னதில்லையே.

போன் அதிர்ந்தது. வாலு.

“அண்ணா! எங்க நிக்குறே? பஸ்ஸ விட்டு இறங்கிட்டேன். யப்பா, என்ன குளிரு!”

“எங்கே... எந்த பஸ்ஸு?”

“மலை பஸ்ஸுதான். விளையாடாத. லீவ சனிக்கிழமை வரைக்கும் ஏன் தள்ளணும், இன்னிக்கே கிளம்பி வான்னு நீதானே விடுதி போன்லருந்து பேசினே? நான்கூட நம்பல. அப்புறம் ‘நான் ஒல்லி, வயசு இருபத்து மூணு, விடுதிலதான் இருக்கேன்’னு மூணையும் சொன்னே. இருமிக்கிட்டே வேற. மருந்து குடிக்கச் சொன்னா கேக்குறியா நீ?”

“வாலு, அது நான் இல்லடி. அப்படியே திரும்பு. வாலு?”

கரகரவென்று ஒரு சத்தம். பிறகு அதுவும் இல்லை. திரும்பத் திரும்பப் போட்டான், விரல் பதியவில்லை, குரலால் சொன்னான், “வாலுவுக்குப் போன் போடு, வாலுவுக்குப் போன் போடு.” தொடர்பு எல்லைக்கு வெளியே. டிரைவர் அண்ணனுக்குப் போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. போலீசுக்குப் போட்டான். ஆள் அனுப்புகிறோம், மலைப்பாதையில் பனி, நேரமாகும் என்றார்கள்.

திரையில் ஓரமாக ஒரு ஆரஞ்சு நிறம் வந்தது.

அவன் வாங்கிக் கொடுத்த ஜாக்கெட். பையை முதுகில் மாட்டிக்கொண்டு, போன் வெளிச்சத்தைத் தரையில் அடித்தபடி, கல் தடுக்கி, சிரித்துக்கொண்டே வந்தாள். உப்புக்கல்லைக் கண்டதும் நின்று, கையால் தொட்டுப் பார்த்தாள்.

“அண்ணா?”

“இங்க வா, வாலு,” என்றது இருட்டு. “காட்டாடு நிக்குது. சத்தம் போடாம வா.”

ஒல்லி டேப்லெட்டை இரண்டு கையாலும் பிடித்துக் கத்தினான். “வாலு! போகாதே! ஓடு! ரோட்டுக்கு ஓடு!”

மலையில், மரத்தின் மேலிருந்து, அவன் குரல் இரும்பாக விழுந்தது. அவள் துள்ளித் திரும்பினாள். வெளிச்சம் கேமராமேல் அடித்தது. அவள் முகம் முழுக்கக் கண்ணாக இருந்தது.

“யாரு?”

“நான்தான்! அண்ணன்! நான் ஒல்லி, வயசு இருபத்து மூணு, ரூம்ல...”

நாக்கு புரண்ட வேகத்தில் அதுவும் வந்துவிட்டது. பல வருடப் பழக்கம். நிறுத்த முடியவில்லை.

“...ரூம்லதான் இருக்கேன்.”

அவள் அசையாமல் நின்றாள். மரத்தில் கட்டிய பெட்டியைப் பார்த்தாள். பின்னால் இருட்டிலிருந்து, பொறுமையாக, அதே குரல்: “நான் ஒல்லி. வயசு இருபத்து மூணு. விடுதிலதான் இருக்கேன்.” இருமல்.

“அம்மா சொல்லியிருக்காங்க,” என்றாள் வாலு. பெட்டியைப் பார்த்து. “ஒண்ணு இடிச்சாலும் எவனோன்னு. எங்க அண்ணன் விடுதில இருக்கான். நீ யாருடா?”

“இல்ல வாலு, இல்ல, கேளு...”

அவள் பின்னால் நகர்ந்தாள். கேமராவை விட்டுக் கண்ணை எடுக்காமல். ஒரு அடி. இன்னொன்று. அவனைப் பார்த்துப் பயந்து, அவனிடமிருந்து தப்பித்து, இருட்டின் பக்கம். அவளுக்குப் பின்னால் ஏதோ அசைந்தது. உயரமாக. கொம்பா, கிளையா. அவன் கத்தினான். கத்தக் கத்த அவள் வேகமாக நகர்ந்தாள். கடைசியில் திரும்பி ஓடினாள்.

“அண்ணா!” என்று கூப்பிட்டுக்கொண்டே ஓடினாள்.

வெளிச்சம் அணைந்தது.

பனி மட்டும்.

எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தானோ. மான்கள் திரும்பி வந்தன. ஒவ்வொன்றாக. கல்மேல் ஆரஞ்சு நிறத்தில் எதுவோ மடித்து வைக்கப்பட்டிருந்தது. அவன் மடிக்கிற மாதிரியே, மூலைக்கு மூலை சேர்த்து. மான்கள் அதைச் சுற்றி நின்று நக்கத் தொடங்கின. சர். சர். சர்.

அவற்றுக்குப் பின்னாலிருந்து, மிக மெதுவாக, புதுப் பாடம்.

“நான் வா... நான் வாலு. வயசு பத்தொன்பது.”

பாடம் தடுமாறாமல் வந்ததும் குரல் ஓய்ந்தது. கொஞ்ச நேரம் கழித்துப் போன் மினுங்கியது. தையல்கூடத்திலிருந்து எழுத்து. “ஒல்லி தம்பி, பக்கத்து மிஷின் அக்கா பேசறேன். இப்பத்தான் உங்க தங்கச்சி போன் பண்ணிச்சு. அம்மா வெளியில போய்ப் பேசிட்டு வந்தாங்க. மூணும் சரியாச் சொல்லிச்சாம், அண்ணன்கூட விடுதிலதான் இருக்கேன்னு. மலைக்கு வந்து பத்து நாள் தங்கிட்டுப் போன்னு கூப்பிட்டீங்களாமே! சந்தோஷத்துல அழறாங்க. கிளம்பறதுக்கு இப்பவே என்கிட்ட பயணப் பெட்டி இரவல் கேக்கறாங்க.”

போனை வாயருகே கொண்டுபோனான். உதடு திறந்ததும், திரையில் எல்லா மான்களும் தலையைத் தூக்கின. பச்சை எரிந்துகொண்டிருந்தது. அவன் கிசுகிசுத்தான். எழுத்து ஓடியது.

“படிக்கிறவங்க யாரா இருந்தாலும் சரி. இந்தத் தடவை நான் பேரு சொல்லல. வயசு சொல்லல. எங்க இருக்கேன்னும் சொல்லல. அது கேட்டுட்டு இருக்கு. இதை அம்மாகிட்ட படிச்சுக் காட்டாதீங்க, அவங்க நம்ப மாட்டாங்க. அவங்க போனை மட்டும் வாங்கி வச்சுக்குங்க. நாங்க ரெண்டு பேரும் கூப்பிட்டா, என்ன சொன்னாலும், எவ்வளவு அழுதாலும், எடுத்துக் குடுக்காதீங்க. அம்மாவை அனுப்பாதீங்க. தயவுசெஞ்சு அனுப்பாதீங்க.”