உதறாத ஆடுகள்

மலேரியாக்காரர் ஏசுதாசனுக்குக் காய்ச்சலைவிட வார்த்தைகள்தான் அதிகத் தொல்லை கொடுத்தன. சர்க்கார் படிவத்தில் ‘நடுக்கத்துடன் கூடிய காய்ச்சல்’ என்று ஒரே ஒரு கட்டம். சின்னமனூரில் போய் நடுக்கம் உண்டா என்று கேட்டால், “நாங்க எவனுக்கு நடுங்கணும்?” என்று சண்டைக்கு வருவார்கள். ஓடைப்பட்டிப் பக்கம் அது உதறல். காய்ச்சலில் பல் கிட்டினாலும் உதறல், பயந்தாலும் உதறல், தண்ணீர் பட்ட ஆடு உடம்பைச் சிலுப்பினாலும் உதறல். ஒரே வார்த்தையை வைத்துக் காலத்தை ஓட்டிவிடும் சிக்கனமான ஜனங்கள்.

அது 1977 ஐப்பசி. மதியம் இரண்டரைக்கே வானம் கருத்து மழை பிடித்துக்கொண்டது. அவருக்கும் பத்து நாளாக முறைக்காய்ச்சல். ஒருநாள் விட்டு ஒருநாள், மூன்று மணி அடித்தால் வந்துவிடும். இன்று முறை நாள். பையில் மாத்திரை இருந்தும் போடவில்லை. மலேரியாக்காரனுக்கே மலேரியாவா என்று ஆபீசில் சிரிப்பார்களே என்ற வீறாப்பு. வீட்டில் மனைவி ஜெபராணிக்கு எட்டு மாதம், தலைப்பிள்ளை. அவளிடமும் சொல்லவில்லை.

திராட்சைப் பந்தல்களைத் தாண்டி ஒற்றையாக ஒரு வீடு நின்றது. எல்லா வீட்டுச் சுவரிலும் மலேரியாக்காரர்கள் வந்துபோன தேதி எழுதியிருக்கும். இந்தச் சுவரில் ஒன்றுகூட இல்லை. முன்னால் இருந்தவன் சரியான சோம்பேறி என்று நினைத்துக்கொண்டு கதவைத் தட்டினார்.

அறுபது வயது மதிக்கத்தக்க அம்மாள் கையில் செம்போடு வந்தாள். பெயர் மாயக்காள் என்றாள். கால் கழுவத் தண்ணீர் தருகிறாள் என்று அவர் குனிந்தார். பிடரியில் சில்லென்று மஞ்சள் தண்ணீர் விழுந்தது. திடுக்கிட்டதில் உடம்பு விறைத்துப்போனது.

“உள்ள வாங்க தம்பி. நனையாதீக.”

பின்னால் கதவு சாத்திக்கொண்டது. யாரும் தொடவில்லை.

உள்ளே ஆட்டு வாடையும் சூட வாடையும் கலந்து அடித்தது. திறந்த முற்றத்தில், கொட்டுகிற மழையில், பதினோரு ஆடுகள் நின்றன. கத்தவில்லை. காதைக்கூட ஆட்டவில்லை. மூச்சு மட்டும் வந்துகொண்டிருந்தது.

பேச்சை எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் தினமும் கேட்பதையே கேட்டார். “வீட்ல யாருக்காச்சும் உதறல் இருக்கா ஆத்தா?”

“அதுதானப்பா குறை. மூணு வருசமா இங்கன எதுவும் உதறல.”

அவருக்கு விளங்கியது. அவர் வேதக்காரர் என்றாலும் ஊர்ப் பொங்கல் பார்க்காதவர் அல்ல. வெட்டப்போகும் ஆட்டின் மேல் தண்ணீர் தெளிப்பார்கள். அது உதறினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம்.

“உதறலைன்னா?”

“வெட்டவும் கூடாது, வெளிய விடவும் கூடாது. அப்பிடியே நிக்கணும்.”

ஆடுகளுக்கு நடுவில் ஓர் ஆள் நிற்பதை அப்போதுதான் பார்த்தார். வேட்டி சதையோடு ஒட்டிப்போயிருந்தது. திறந்த கண்ணுக்குள் மழை விழுந்தது. இமை அசையவில்லை.

“எங்க வீட்டுக்காரக,” என்றாள் மாயக்காள். “ஆடு ஒண்ணும் உதறலைன்னதும் நானே நிக்கிறேன்னாக. தெளிச்சேன். அவுகளும் உதறல.”

“எனக்கும் தெளிச்சிருக்கீக.”

“ஆமா தம்பி.”

“உதறிட்டா?”

மாயக்காள் திரும்பி, மூலையில் இருந்த உள்ளறைக் கதவைப் பார்த்தாள்.

ஏசுதாசன் ஓடிப்போய் வாசல் கதவை இழுத்தார். தோளால் இடித்தார். சுவரை இடிப்பது போலிருந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

மூன்று மணிக்கு இன்னும் பத்து நிமிடம்.

உதறாமல் நின்றால் அந்த மனுஷன் மாதிரி காலமெல்லாம் மழையில் நிற்க வேண்டும். உதறினால் அந்த அறை. பிள்ளை முகத்தைப் பார்க்காமலே போய்விடுவோமே என்று நினைத்ததும் அழுகை வந்துவிட்டது. துண்டால் தாடையை இறுகக் கட்டிக்கொண்டு தூணைக் கட்டிப்பிடித்தார்.

முதலில் விரல் நுனி குளிர்ந்தது.

பிறகு முதுகு.

பிறகு உடம்பு அவர் பேச்சைக் கேட்கவில்லை. பற்கள் கடகடவென்று அடித்தன. முழங்கால் தூணில் மோதியது.

“உதறுது,” என்று மாயக்காள் கிசுகிசுத்தாள்.

உள்ளறைக் கதவு ஒரு சாண் திறந்தது. உள்ளே இருட்டைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. ஆனால் ஏதோ வந்தது. ஈரத் தரையில் கால் வைக்கும் சத்தம். பிடரிக்குப் பின்னால் வந்து நின்று மூக்கை உறிஞ்சியது.

ஒரு தடவை. இன்னொரு தடவை.

பிறகு அது திரும்பிப் போனது. கதவு மூடிக்கொண்டது.

மாயக்காள் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். முகம் விழுந்துவிட்டது. “காச்சலா? நோவு பட்ட உருப்படி ஆகாதே,” என்றாள். வாசல் கதவு தானாகத் திறந்தது. “போங்க தம்பி. நோவு தீரட்டும்.”

வீடு வந்து சேர்ந்தவர் மாத்திரை டப்பாவை எடுத்தார். ஒரு மாத்திரையை வாய்வரை கொண்டுபோனார். அவள் சொன்ன கடைசி வார்த்தை காதில் விழுந்தது. டப்பாவை மூடினார்.

அதன்பிறகு அவர் மாத்திரை தொடவே இல்லை. ஊரெல்லாம் மருந்து கொடுத்துவிட்டு வந்து, மூன்று மணிக்கு உதறல் கண்டால் ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொல்வார். ஆள் ஈர்க்குச்சியாக இளைத்தார். ஜெபராணி அழுதாள், கோபித்துக்கொண்டாள், ஒருவாரம் பேசாமலும் இருந்து பார்த்தாள். காரணத்தை மட்டும் அவர் சொல்லவில்லை.

கார்த்திகையில் பெண் பிறந்தது. நல்ல கொழுகொழுவென்று, ஒரு சளி இருமல்கூட இல்லாத பிள்ளை. ஞானஸ்நானத்தை அவர் மாதக்கணக்கில் தள்ளிப்போட்டார். போதகர் வீடு தேடி வந்து சத்தம் போட்ட பிறகு, பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒத்துக்கொண்டார். அன்று விடியுமுன்பே கோயிலுக்குப் போய், பிளாஸ்கில் கொண்டுபோன வெந்நீரைத் தொட்டியில் ஊற்றிப் பதமாக்கி வைத்தார். பிள்ளையை மூன்று துணியில் சுற்றிக் கொண்டுவந்தார்.

பிதாவின் நாமத்தில் முதல் கைத் தண்ணீர் விழுந்தது. பிள்ளை அசையவில்லை.

குமாரன் நாமத்தில் இரண்டாவது. பிள்ளை போதகரைப் பார்த்துச் சிரித்தது. ஏசுதாசனுக்கு மூச்சு வந்தது.

மூன்றாவது கைத் தண்ணீர் உச்சியிலிருந்து வழிந்து பிடரிக்கு இறங்கியது. பிள்ளை தலைமுதல் கால்வரை ஒரு தடவை உதறியது. ஜெபராணி சிரித்துக்கொண்டே தலையைத் துவட்டக் குனிந்தாள்.

பெண்கள் பக்கம், கடைசிப் பாயிலிருந்து யாரோ நிம்மதியாகச் சொன்னார்கள்.

“உத்தரவு ஆயிருச்சு.”