மிக்சரும் உரப்பையும்

மிக்சர் எதற்கும் பயப்படாத குட்டி. இடி இடித்தால் வானத்தைப் பார்த்துக் குரைக்கும். உழவு இயந்திரம் வந்தால் குறுக்கே போய் நிற்கும். ஆனால் ஒரு வெற்று உரப்பையைக் கண்டால் போதும், நாலு காலும் நடுங்கக் கட்டிலுக்கு அடியில் ஓடி ஒளிந்துகொள்ளும்.

அதற்குக் காரணம் இருந்தது. ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது, வாய்க்கால் கரையில் ஓர் உரப்பை தானாக உருள்வதை மேனுகா கண்டாள். வாயைக் கட்டியிருந்த கயிற்றைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். முதலில் ஒரு மூக்கு வந்தது. பிறகு நிமிர்ந்த காது ஒன்றும் மடிந்த காது ஒன்றும் வந்தன. உடம்பு மண்ணிறம், கால் வெள்ளை, வால் கறுப்பு.

"இதில என்னதான் கலக்கேல்லை? சரியான மிக்சர்," என்றார் அப்பா. அந்தப் பெயரே நின்றுவிட்டது.

அம்மா கமலாசனிக்குத்தான் மனமில்லை. "நாய் வளர்க்கிறது விளையாட்டில்லைப் பிள்ளை. சோறு வைக்கிறது ஆர்? முற்றத்தில இருக்கிறதை அள்ளுறது ஆர்?"

"நான்தான் அம்மா."

சொன்னபடியே விடிய எழும்பி, மண்வெட்டியும் கையுமாக முற்றத்தைச் சுற்றினாள். மூக்கைப் பொத்திக்கொண்டுதான். ஆனாலும் சுற்றினாள்.

அந்தக் கிழமைத் தொடக்கத்தில் ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோ ஒன்று ஒட்டுசுட்டான் ஊர் முழுக்க அறிவித்துக்கொண்டு போனது. சனிக்கிழமை பொதுமண்டபத்தில் நாய்களுக்கு விசர்நோய்த் தடுப்பூசி.

"கேட்டியோ?" என்றார் அம்மா. "தம்பி எந்த நேரமும் நாயின்ர வாய்க்குள்ள கையை வைச்சுக்கொண்டு நிக்கிறான். ஊசி போடாத நாயை வீட்டில வைச்சிருக்கேலாது. சனிக்கிழமை ஊசி போட்டால் இருக்கட்டும். இல்லையெண்டால் கனகராயன்குளத்து மாமாவிட்டக் குடுத்துவிடுவன்."

மேனுகா மிக்சரை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

ஊசிக்கு நாயைக் கொண்டுபோக அந்த ஊரில் ஒரே வழிதான். நாயைப் பிடித்து உரப்பைக்குள் விட்டு, தலை மட்டும் தெரியக் கட்டி, சைக்கிள் கரியரில் ஏற்றுவார்கள். அப்பாவும் ஒரு பையை எடுத்துப் பழக்கிப் பார்த்தார். மிக்சர் அவர் உடுத்திருந்த சாரத்தை நனைத்துவிட்டுக் கட்டிலுக்கு அடியில் போனது. பின்னேரம் வரை சாப்பிடவும் வரவில்லை.

"சனிக்கிழமை அமத்திப் பிடிச்சுப் போடுவம்," என்றார் அப்பா, சாரத்தைப் பிழிந்துகொண்டே.

"வேண்டாம் அப்பா. அதை முதல்ல உரப்பைக்குள்ள போட்டவை எறிஞ்சிட்டினம். திரும்பவும் போட்டால், நாங்களும் எறியப்போறம் எண்டு நினைக்கும்."

அப்பா பிழிவதை நிறுத்தினார். "அப்ப எப்பிடிப் பிள்ளை? கையில தூக்கினால் நெளிஞ்சு குதிச்சிடும். வழி முழுக்க வேற நாய்கள்."

"என்ர சைக்கிள் கூடையில."

அம்மா சிரித்துவிட்டார். "மாப்பிள்ளை மாதிரிக் கூடைக்குள்ள இருந்து வருமோ?"

முதல் நாள் மிக்சரைத் தூக்கிக் கூடையில் விட்டு, ஒரு கருவாட்டுத் துண்டைக் கொடுத்தாள். அது துண்டை விழுங்கிவிட்டு, சைக்கிளையும் சாய்த்துக்கொண்டு குதித்தது. மறுநாள் விழுங்கிவிட்டு அடுத்த துண்டுக்காகக் காத்திருந்தது. பிறகு, "இரு மிக்சர்," என்று சொல்லி முதுகில் கை வைத்தபடி, முற்றத்தைச் சுற்றிச் சைக்கிளை உருட்டினாள். வெள்ளிக்கிழமை ஒழுங்கை முடிந்து பெரிய தெரு வரும்வரை போய் வந்தார்கள்.

அதே கூடையில்தான் புத்தகப் பையும் போகும். வகுப்பில் ரீச்சர் அவளுடைய கொப்பியை முகர்ந்து பார்த்தார். "மேனுகா, இது கணக்குக் கொப்பியோ, கருவாட்டுக் கடையோ?"

சனிக்கிழமை அம்மாவும் கூட வந்தார். எதற்கும் இருக்கட்டும் என்று ஓர் உரப்பையை மடித்துக் கக்கத்தில் வைத்திருந்தார்.

மண்டபத்து வாசலில் பைகள் ஊளையிட்டன, உருண்டன. பக்கத்து வீட்டுப் பரமலிங்கம் பெரியப்பா மேனுகாவின் கூடையைப் பார்த்தார். "பையில்லாமலோ வந்தனீ? இப்ப ஓடப்போகுது பார்."

அவர் சொல்லி வாய் மூடவில்லை, அவருடைய நாயே பையைக் கிழித்துக்கொண்டு பாய்ந்தோடியது. கிழிந்த பை காற்றில் வந்து மிக்சரின் மேல் விழுந்தது.

மிக்சரின் நாலு காலும் நடுங்கின. கூடை கிடுகிடுத்தது. அம்மாவின் கை கக்கத்துப் பைக்குப் போனது.

மேனுகா கிழிந்த பையை எடுத்துத் தூரப் போட்டாள். மிக்சரின் முதுகில் கை வைத்தாள். குரலை நடுங்க விடவில்லை.

"இரு மிக்சர். நான் எறிய மாட்டன். இரு."

மிக்சர் அவளை அண்ணாந்து பார்த்தது. மெல்லக் காலை மடித்து இருந்தது. ஊசி ஏறியபோது ஒரு முனகல்கூட இல்லை. கருவாடு எங்கே என்றுதான் தேடியது.

"கூடைக்குள்ள இருந்து ஊசி போட்ட நாயை இண்டைக்குத்தான் கண்டனான்," என்றார் ஊசி போட்டவர். பதிவதற்கு அட்டையை எடுத்தார். "ஆரின்ர நாய்?"

மேனுகா வாய் திறக்கமுன் அம்மா சொன்னார். "என்ர மகளின்ர. மேனுகா எண்டு எழுதுங்கோ."

அப்போது பரமலிங்கம் பெரியப்பா மூச்சு வாங்க ஓடி வந்தார். "கமலாசனி, அந்தப் பையை ஒருக்காத் தாவன். என்ர கள்ளன் கோயிலடியில நிக்கிறான்."

"கொண்டுபோங்கோ அண்ணை," என்று அம்மா பையை நீட்டினார். "திருப்பித் தர வேண்டாம். எங்கட மிக்சர் கூடையில போற ஆள்."

மேனுகா வழி விடச் சொல்லி மணியை அடித்தாள். மிக்சர் ஒரு காது நிமிர, ஒரு காது மடிய, வழியில் கிடந்த உரப்பைகள் எல்லாவற்றையும் பார்த்துக் குரைத்துக்கொண்டே வீடு போனது.