இடது கதவின் பீடிங்

சனத்நகரில் விஸ்வநாத்தின் பழைய சாமான் கடைக்குள் நான் நுழைந்தபோது வெளியே நல்ல வெயில். உள்ளே மட்டும் இருட்டு. கூரை வரை அடுக்கிய கார் கதவுகள், பானெட்டுகள், மூக்கில் ஏறும் துருவாடை. எனக்கு வேண்டியது ஒரே ஒரு சாமான். என் பழைய பியட் காரின் இடது முன்கதவில் ஓடும் குரோமியப் பட்டை. கடைத்தெருவில் பீடிங் என்பார்கள்.

அந்த இரண்டு முழத் தகரத்துக்காக ஊரெல்லாம் நாயாய் அலைந்திருந்தேன். கிடைத்ததெல்லாம் டூப்ளிகேட். ஒன்றில் வளைவு சரியில்லை. இன்னொன்றை நகத்தால் சுரண்டியதும் முலாம் உரிந்து வந்தது. "தூரத்துலேர்ந்து பாத்தா தெரியாது சார்" என்று எல்லாக் கடையிலும் ஒரே பாட்டு. தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டிலேயே தலை நரைத்தவனிடம் இப்படிச் சொன்னால் எரிச்சல் வராதா?

என் மகள் ப்ரியம்வதாவுக்கு வெள்ளிக்கிழமை கல்யாணம். அல்வாலில் மண்டபம். அப்பாவின் பியட்டில்தான் போய் இறங்குவேன் என்று அவள் சொல்லியிருந்தாள். மற்ற மூன்று கதவுகளின் பீடிங்கும் விஸ்வநாத்திடம் வாங்கியவைதான். எல்லாம் ஒரே வண்டியிலிருந்து கழற்றியவை. நாலாவது அவர் தலைக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. அதைத் தர மாட்டேன் என்றார்.

"நக்கோ சார். மூணு குடுத்தேன். நாலாவது இங்கயே இருக்கணும்."

"கைக்கு?" ஏன் என்று அவர் பாஷையிலேயே கேட்டேன்.

"ஆக்ஸிடென்ட் வண்டி சார். அதோட சாமான் செட்டா ஒருத்தர்கிட்ட போகக் கூடாது. எங்க லைன்ல எல்லாரும் ஒண்ணை நிறுத்திக்குவோம்."

இதென்ன கூத்து. எங்கள் தொழிற்சாலையில் சட்டமே நேர்மாறு. ஒரு செட் என்றால் ஒரே லாட்டில் வந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் மொத்தத்தையும் திருப்பி அனுப்பிவிடுவோம். வாதாடிப் பார்த்தேன். அவர் தேநீரைக் குடித்தபடி மாட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டினார்.

மறுநாள் ப்ரியம்வதாவை அனுப்பினேன். அவளை அவருக்குத் தெரியாது. சுவரில் மாட்டும் அலங்காரத்துக்கு என்று சொல்லி வாங்கிவந்தாள்.

"ஹவ் பா, மில் கயா, கெடச்சிடுச்சு," என்று சிரித்தபடி நீட்டினாள். "அங்கிள் ரெண்டு தடவ கேட்டாரு, உனக்குத்தானேம்மான்னு. ஆமான்னு சொல்லிட்டேன்."

பட்டை கதவில் கச்சிதமாக உட்கார்ந்தது. நாலும் ஒரே மினுக்கு. ஏ.எஸ்.ராவ் நகரில் எங்கள் வீட்டுக் கொட்டகையில் நின்று வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலமே சத்தம் தொடங்கிவிட்டது.

டக். டக். கொஞ்சம் நிறுத்தி, டக்.

கிளிப் தளர்ந்திருக்கும் என்று பட்டையைக் கழற்றிப் புதுக் கிளிப் போட்டேன். சத்தம் நிற்கவில்லை. கதவுக்குள் ரப்பர் திணித்தேன். அதற்கும் நிற்கவில்லை. இடது கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போவேன், காலையில் வந்தால் இறங்கிக் கிடக்கும். அதையும் பிரித்து மாட்டினேன். ஒரு பழுதைச் சரிசெய்தால் இரண்டு முளைக்கிறதே என்று ஸ்பானரைத் தூக்கி எறிந்தேன்.

"கல்யாண வேலை தலைக்கு மேல கெடக்கு. நீங்க அந்த டப்பாவைக் கட்டிண்டு அழறேள்," என்றாள் என் மனைவி சாவித்ரி. கொட்டகை வாசலில் நின்று மோந்து பார்த்தாள். "என்ன, இங்க மருதாணி வாசனை?"

எங்கள் வீட்டில் மருதாணி வைப்பது வரும் புதன்கிழமைதான்.

அவள் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. வண்டி இத்தனை நாளும் ஓடாமல் நிற்கிறது. நிற்கிற வண்டியில் கிளிப் எப்படி ஆடும்?

டக். டக்.

அதிர்வு எங்கே என்று கண்டுபிடிக்க உள்ளங்கையைப் பட்டைமேல் வைத்தேன். காத்திருந்தேன்.

டக்.

உள்ளிருந்து வரவில்லை.

வெளியே, என் விரல்களின் இடைவெளியில் விழுந்தது. சில்லென்று ஒரு மோதிரம் என் விரலை உரசிக்கொண்டு போனது.

விழுந்தடித்து சனத்நகருக்கு ஓடினேன். விஸ்வநாத் நான் சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"கல்யாணமாகி மாமியார் வீட்டுக்குப் போற வழி," என்றார் மெதுவாக. "பொண்ணு முன் சீட்டுல. கண்ணாடியை எறக்கிட்டு, கையை வெளிய தொங்கப்போட்டு, மோதிரத்தால கதவைத் தட்டிக்கிட்டே போச்சாம். பாட்டு ஓடிச்சாம். லாரி அந்தப் பக்கந்தான் இடிச்சது."

"இந்தாங்க, திருப்பி வெச்சுக்குங்க." கழற்றிக் கொண்டுவந்த பட்டையை மேசைமேல் வைத்தேன்.

"வெச்சுக்கறேன். ஆனா நான் உங்க கையிலயா குடுத்தேன்? யாரு அந்தப் பொண்ணு?"

"என் மகள்."

அவர் தேநீரைக் கீழே வைத்துவிட்டார். அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

வீட்டுக்கு வந்து கொட்டகையில் நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். சத்தம் இல்லை. மருதாணி வாசனையும் இல்லை. இடது கதவில் வெறும் ஓட்டைகள். போகட்டும், மண்டபத்துக்கு வாடகைக் கார் சொல்லிக்கொள்ளலாம். பாழாய்ப்போன தகரம். எனக்கு அழுகையே வந்துவிட்டது, அத்தனை நிம்மதி.

ராத்திரி சாப்பிட உட்கார்ந்தோம். சாவித்ரி ரசம் ஊற்றினாள். வாடகைக் கார் என்று நான் சொன்னபோது ப்ரியம்வதா சாப்பாட்டை அளைந்துகொண்டிருந்தாள்.

டக். டக்.

அவளுடைய இடது கை தட்டின் விளிம்பில் இருந்தது. நிச்சயதார்த்த மோதிரம் எவர்சில்வரில் பட்டது. கொஞ்சம் நிறுத்தி, டக்.

மருதாணி வாசனை குப்பென்று வந்தது.

"ப்ரியா," என்றேன். "கையை எடும்மா."

அவள் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்களில் நீர் கோத்திருந்தது.

"எடுக்க வரலப்பா," என்றாள்.

டக்.