தம்பியைக் கொன்ற டிசைன்

போன் அலறியது.

டிசைன் அறையில் கம்பிச் சுருளின் வரைபடத்தின் மேல் குனிந்திருந்தவள் எடுத்தாள். கணவன். அந்த டிரான்ஸ்ஃபார்மர் தொழிற்சாலைக்கு முதலாளியும் அவனே.

"டெஸ்ட் ரூமுக்கு வா... உன் தம்பி..."

லைன் துண்டானது.

ஓடினாள். ஒரு செருப்பு படியிலேயே கழன்றது.

புது டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்தில் மல்லாந்து கிடந்தான் தம்பி. அங்கே டெஸ்ட் பார்ப்பவன் அவன்தான். கண்கள் திறந்திருந்தன... உயிர் இல்லை.

இன்ஸ்பெக்டர் போலீஸ்காரர்களோடு வந்தபோதும் அவள் தம்பியின் கையை விடவில்லை.

"எப்படி நடந்தது?"

"காலையிலேருந்து ஃபுல் லோடுல ஓடிட்டிருந்தது சார்," என்றான் கணவன். "சூடு எவ்வளவு ஏறுதுன்னு பாக்கற டெஸ்ட். மச்சான் அதோட ஆயில் டேங்கைத் தொட்டிருக்கான்... ஷாக். நான்தான் ஓடிவந்து மெயினை அணைச்சேன்."

"டேங்க்ல எப்படிக் கரண்ட் வரும்?"

கணவன் தயங்கினான். மனைவியைப் பார்த்தான்.

"இவதான் டிசைன் பண்ணினா. கம்பி மேல சுத்தற இன்சுலேஷன் உறையை மெலிசாக்கினா கம்பி நீளம் குறையும், லாஸ், அதான் மின் இழப்பு, குறையும்னா. வேண்டாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன்..."



உண்மைதான். வீணாகும் மின்சாரத்தைத் துளித் துளியாகக் குறைக்க மண்டையை உடைத்துக்கொண்டவள் அவள். 'போதும்க்கா, மிச்ச லாஸாவது பொழச்சுப் போகட்டும்' என்று தம்பிகூடக் கேலி செய்வான்.

நானே அவனைக் கொன்றுவிட்டேனா?

உட்கார முடியவில்லை. நிற்க முடியவில்லை. அங்குமிங்கும் நடந்தாள். மனசு கம்பிச் சுருளைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்துப் பார்த்தது. எங்கே பிசகினேன்... எங்கே?

கண் இருட்டியது. தடுமாறி டேங்கைப் பிடித்தாள்.

கை அங்கேயே நின்றது.

ஜில்லென்றிருந்தது!

"மெயினை எப்ப அணைச்சீங்க?"

"உனக்குப் போன் பண்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி."

"சார், நீங்களும் தொட்டுப் பாருங்க. காலையிலேருந்து ஃபுல் லோடுல ஓடியிருந்தா உள்ளே ஆயில் கொதிச்சுக் கிடக்கும். ஆற அரை நாளாவது ஆகும்."

கணவன் சிரிக்க முயன்றான். "உன் டிசைன்லதான் லாஸ் கம்மியாச்சே..."

"குறைக்கத்தாங்க முடியும். அடியோட இல்லாமப் பண்ண யாராலயும் முடியாது. இதுக்கு இன்னிக்குக் கரண்டே குடுக்கல."

இன்ஸ்பெக்டர் குனிந்து தம்பியின் தலையை மெல்லத் திருப்பினார். பின்மண்டையில் ரத்தம் உறைந்திருந்தது.

வாசலை நோக்கி நகர்ந்த கணவனை இரண்டு போலீஸ்காரர்கள் மறித்தார்கள்.

"உள்ளே இருக்கற இரும்புக் கோருக்கு நீ கேட்ட மெலிசுத் தகடு போடல," என்றான் கம்மிய குரலில். "காசு மிச்சம்னு பழைய தகட்டை வச்சு ஒப்பேத்தினேன். நேத்து டெஸ்ட்ல லாஸ் எகிறினதை வச்சு அவன் பிடிச்சுட்டான். இன்னிக்கு அக்காகிட்ட சொல்லிடுவேன்னான்... கோபத்துல இரும்புக் கம்பியை எடுத்துட்டேன்."

அவள் தம்பியின் கண்களை மூடினாள்.

கணவன் விலங்கு மாட்டிய கையை நீட்டிக் கெஞ்சினான். "நம்ம குடும்பத்தை நெனச்சுப் பாரு. நான் இல்லாம உனக்கு எவ்வளவு இழப்பு!"

"இழப்பைக் குறைக்கறதுதாங்க என் வேலையே," என்றாள். "உங்ககிட்டேருந்து ஆரம்பிக்கறேன்."