கத்தி வெட்டவில்லை

சட்டைக் கையை இறக்கிவிடும்போது துணி எதிலோ சிக்கி இழுத்தது. ஹய்ரெத்தின் கையைத் திருப்பிப் பார்த்தார். இடது முன்கையில், கொஞ்ச நேரத்துக்கு முன்புதான் கத்தியைச் சோதிக்க அவரே வழித்துவிட்ட இடத்தில், மறுபடி முடி முளைத்திருந்தது.

சவரக்காரருக்கு அந்த இடம் எப்போதும் மொட்டைதான். கத்தியைக் கல்லில் தீட்டி, தோல்வாரில் முன்னும் பின்னும் இழுத்து, கட்டைவிரல் சதையைக் கூரின் குறுக்காக வைத்துப் பார்த்து, கடைசியில் முன்கையில் ஒரு இழுப்பு. முடி சத்தமில்லாமல் உதிர்ந்தால் கத்தி தயார். காலையில் அப்படித்தான் உதிர்ந்தது. ஆனால் அவருடைய கைமுடி கறுப்பு, மெத்தென்று இருக்கும். இது வெள்ளை. தடவினால் சொரசொரவென்று விரலைக் குத்தியது. தாடி. கையில் தாடி! சீ, என்ன கருமம் இது என்று கடை வாசலில் போய்த் துப்பினார்.

துப்பிவிட்டு உள்ளே வந்தபோது வாடை அடித்தது. சோப்பையும், முகத்தில் தெளிக்கும் எலுமிச்சை வாசனைத் தண்ணீரான கொலோனியாவையும் தாண்டி, புளித்த தயிரும் மூத்திரமும் கலந்த ஒரு வாடை. கையை மூக்கருகே கொண்டுபோனார். அது துர்சுன் ஆகாவின் அறை வாடை.

துர்சுன் ஆகா நேற்றுதான் செத்துப்போனார். மாதக்கணக்கில் படுத்த படுக்கை. தாடி சடைபிடித்து, ஊட்டிய கஞ்சி அதில் காய்ந்து, கஞ்சியோடு எறும்பும் செத்து ஒட்டிக் கிடந்தது. செத்தவர் முடியில் கத்தி வைக்கக் கூடாது, இருந்தபடியே மண்ணுக்குப் போகவேண்டும் என்பது அந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும். ஆனால் அவர் மனைவி ஹனிஃபே கதவைச் சாத்திவிட்டுக் கெஞ்சினாள்.

"ஜெர்மனியிலேர்ந்து புள்ள வர்றான் உஸ்தா. அப்பன் மொகத்த இந்தக் கோலத்துலயா பாப்பான்? குளிப்பாட்டுறவங்க வர்றதுக்குள்ள வழிச்சு விட்டுடுங்க. உசுரோட இருந்தப்பவே பண்ணதுன்னு நான் சொல்லிக்கிறேன்."

மனசு கேட்கவில்லை, வழித்துவிட்டார். கத்தி அழுத்திய இடமெல்லாம் கன்னம் பள்ளமாகவே நின்றது, திரும்பி எழும்பவில்லை. அந்த நினைப்பில் ராத்திரி அவருக்குச் சோறு இறங்கவில்லை.

இன்று ஹய்ரெத்தினின் தங்கை நஜியேயின் மகனுக்குக் கல்யாணம். செலாமி தகப்பனில்லாத பிள்ளை, தோளில் தூக்கி வளர்த்தவர் இவர்தான். மாப்பிள்ளைச் சவரத்தை மாமன் கையால் செய்யாவிட்டால் ஊர் என்ன பேசும்? கடையின் இன்னொரு கத்தி சாணைக்காக நகரத்துக்குப் போயிருந்தது. இருப்பது துர்சுன் ஆகாவை வழித்த இது ஒன்றுதான்.

சரி, கல்லில் போட்டு அந்த அழுக்கைத் தேய்த்து எடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தார். எண்ணெய் விட்டு, தோள் வலிக்க வலிக்கத் தீட்டினார். வாரில் இழுத்தார். முழங்கைக்குக் கிட்டே புதிய இடத்தில் வைத்து ஒரு இழுப்பு. சுத்தமாக வெட்டியது. அப்பாடா என்று மூச்சு விட்டார்.

அந்தத் தோலின் ஒவ்வொரு துளையும் மெல்ல விரிந்தது. சோற்றிலிருந்து புழு தலை நீட்டுவதைப் போல வெள்ளை முனைகள் வெளியே வந்தன. நின்றன.

வாசலில் மேளமும் குழலும் வந்துவிட்டன. பையன்கள் அவரைத் தூக்காத குறையாகத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

முசுக்கொட்டை மரத்தடியில் செலாமி நாற்காலியில் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முகமெல்லாம் நுரை. ஹய்ரெத்தின் கத்தியை விரித்தார், மடக்கினார். செய்த காரியத்தைச் சொன்னால் நாளைக்கு ஒருவனும் கடை வாசலை மிதிக்க மாட்டான். சொல்லாவிட்டால்?

"கத்தி வெட்டல," என்றார்.

கூட்டம் ஓவென்று கத்தியது. சவரக்காரர் அப்படிச் சொல்லி முரண்டு பிடிப்பதும், பரிசு போட்டு அவரை மசியவைப்பதும் அந்த ஊர் வழக்கம். அவர் கழுத்தில் துண்டு விழுந்தது. சட்டைத்துணி விழுந்தது.

"இல்லப்பா, நெசமாவே வெட்டல! வேண்டாம்!"

"அட, கெழவருக்குப் பேராசையப் பாருடா! ஆட்டுக்கெடா குடுத்தாத்தான் வெட்டுமாம்!" என்றான் ஒருவன். மேளம் இன்னும் உரக்க அடித்தது. இன்னொரு துண்டு விழுந்தது.

நஜியே ஓடிவந்து அவர் கையைப் பிடித்தாள். "போதும்ணே நாடகம். பொண்ணு வீட்டுல காத்துக்கிட்டிருக்காங்க."

"மாமா, மொகம் அரிக்குது. சீக்கிரம்," என்றான் செலாமி.

பாழாய்ப்போன மானம்! சொல்லவில்லை. வழித்தார்.

கன்னம் பளபளவென்று வந்தது. தாடை, கழுத்து, மேலுதடு. ஒன்றும் ஆகவில்லை. தன் கைக்கு மட்டும்தான் போல என்று அவருக்குக் கண் கலங்கியது. கொலோனியா தெளித்தார். நஜியே மகனைக் கட்டிப் பிடித்து முத்தம் கொடுத்தாள். சட்டென்று விலகினாள்.

"குத்துதேண்ணே. சரியா வழிக்கல."

"இன்னொரு தடவ! இன்னொரு தடவ!" என்று கூட்டம் கத்தியது.

இன்னொரு தடவை வழித்தார். கத்தியைத் துடைப்பதற்குள் வந்துவிட்டது. வெள்ளையாக. அடர்த்தியாக. அந்த வாடையோடு.

மேளம் நின்றது.

யாரோ வாந்தி எடுக்கும் சத்தம். செலாமி கன்னத்தைத் தடவினான். உதட்டைத் தடவினான். ஏதோ விழுங்கப் பார்த்தான். முடியவில்லை. தொண்டையைப் பிடித்துக்கொண்டான்.

"மாமா... உள்ள..."

வாயைத் திறந்தான். நாக்கு தெரியவில்லை. நாக்கு இருக்கவேண்டிய இடம் முழுக்க, ஈறு வரைக்கும், தொண்டை வரைக்கும், நனைந்த நரைத்தாடி.

கூட்டம் பின்னால் போனது. நஜியே மட்டும் போகவில்லை. மகன் தலையை மடியில் சாய்த்து, இரண்டு கைகளாலும் தாடையைப் பிளந்து பிடித்துக்கொண்டு அண்ணனை நிமிர்ந்து பார்த்தாள்.

"மூச்சு விடல. வழிண்ணே. வழி."