நீலிப்பாறை நோட்டு

"நோட்டு போனா போகட்டும் சார். அதைச் சாக்கா வச்சு என்னை ஒதுக்கப் பார்க்கறாங்களே, அதைத்தான் விடமாட்டேன்" என்றாள் நிரஞ்சனா.

சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டு மாடி அலுவலகத்தில் சவரிராஜ் நிதானமாகத் தேநீர் ஊற்றினார். காவல்துறையில் முப்பது வருடம் இருந்துவிட்டு இப்போது தனியாகத் துப்பறிகிறவர். அவருடைய கூட்டாளி மார்வினுக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை.

விஷயம் இதுதான். தேனிப் பக்கம் நீலிப்பாறை மலைக் கோயிலுக்குக் காட்டு வழியாக இரண்டு நாள் நடை. அதிகம் பேர் அறியாத அந்தப் பாதையில், இங்குள்ள ஒரு நடைக்குழுவில் இருமுறை போய்வந்தவள் மருத்துவமனைத் தாதி நிரஞ்சனா ஒருத்திதான். திருப்பங்களையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தாள். இந்த முறை குழுவை அவள்தான் கூட்டிப்போவதாக இருந்தது. போன ஞாயிறு குழுக் கூட்டத்தில் அது காணாமல் போனது. எழுத்தில் வழி இல்லாமல், ஒரு பெண்ணை நம்பிப் பதினெட்டு பேரை அனுப்ப முடியாது என்று தலைவர் கோவிந்தசாமி கையை விரித்துவிட்டார். இருமுறை அவளை ஏற்றி இறக்கிய மலைக்கு அப்படி ஒரு சந்தேகம் வந்ததில்லை.

"செயற்கைக்கோள் படத்தைப் பார்த்தே கூட்டிட்டுப் போறேன்னு குழுவுல இருக்கற அருண்ராஜ் முன்வந்தான். பாவம், 'உங்களுக்காகத்தான் ஒத்துக்கறேன் அக்கா'ன்னு கண் கலங்கிட்டான்" என்றாள் நிரஞ்சனா.

"அப்போ எடுத்தது கோவிந்தசாமிதான் லா" என்றான் மார்வின்.

சவரிராஜ் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "நோட்டுல மட்டும் இருக்கற, வேற யாருக்கும் தெரியாத விஷயம் ஏதாவது?"

"ஒரு ஊற்று. பாறை இடுக்குல ஆழமா இருக்கு, கை எட்டாது. சொன்னா குப்பை போட்டுடுவாங்கன்னு யார்கிட்டயும் மூச்சு விடலை. ஆளுக்கு ஆறு லிட்டர் தண்ணி சுமக்கணும்னுதான் சொல்லியிருக்கேன்."

அடுத்த ஞாயிறு காலை, புக்கித் தீமா குன்றின் அடிவாரம். மலைக்குக் கொண்டுபோகும் அதே மூட்டையோடு, ஒரு சொட்டுத் தண்ணீர் குறையாமல் ஒத்திகை ஏறுவது அந்தக் குழுவின் கண்டிப்பான வழக்கம். நிரஞ்சனாவோடு வந்திருந்த சவரிராஜ் எல்லாரையும் மூட்டையைப் பிரிக்கச் சொன்னார். கோவிந்தசாமி முறைத்துக்கொண்டே பிரித்தார். ஒரு லிட்டர் போத்தல் ஆறு. மற்றவர்களிடமும் அப்படியே. அருண்ராஜிடம் இரண்டே போத்தல். பக்கத்தில் நீளக் கயிறு கட்டிய ஒரு சின்னச் சொம்பு.

நிரஞ்சனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கண்ணீரை நம்பினோமே என்று தன்மேலேயே கோபம்.

"வெயிட் குறைக்கத்தான் சார்" என்றான் அருண்ராஜ்.

"மீதித் தண்ணிக்கு என்ன பண்ணுவீங்க?" சவரிராஜின் குரல் உயரவில்லை. "பாறை இடுக்குல ஊற்று இருக்கறது செயற்கைக்கோள் படத்துல தெரியாது. கை எட்டாது, கயிறு வேணுங்கறது நோட்டைப் படிச்சவருக்குத்தான் தெரியும். மலைக்கு வேண்டியதெல்லாம் பையில இருக்கணுமாமே. அப்போ நோட்டும் இருக்கும்."

அருண்ராஜ் தலை குனிந்தபடி பையின் அடியிலிருந்து அதை எடுத்து நீட்டினான். "மன்னிச்சிடுங்க அக்கா. ஒரு தடவையாவது நான் முன்னாடி நடக்கணும்னு ஆசை."

கோவிந்தசாமி தொண்டையைச் செருமினார். "சரிம்மா, நோட்டு கிடைச்சாச்சு. இனி நீயே கூட்டிட்டுப் போ."

"நோட்டு கிடைக்காட்டியும் நான்தான் அண்ணே" என்றாள் நிரஞ்சனா. நோட்டை அவள் வாங்கவில்லை. "நீங்களே வச்சுக்குங்க தம்பி. மலையில நான் முன்னாடி போறேன். ஒவ்வொரு திருப்பம் தாண்டினதும் அதுல எழுதியிருக்கறதைச் சத்தமாப் படிங்க. நான் போன வழி சரியான்னு அண்ணன் கேட்டுக்கட்டும்."

மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, திரும்பிப் பாராமல் குன்றில் ஏறத் தொடங்கினாள். அவளுக்குப் பின்னால் முதலில் அடியெடுத்து வைத்தவர் கோவிந்தசாமி.