அத்திமரத்துக்கு இந்தப் பக்கம்

மூடுபனிக்குள் யாரோ திராட்சைக் குலை வெட்டும் சத்தம்... சபேலா நின்றாள். அவள் வரிசையில், அவள் கொடியில்!

"யாருய்யா அது?"

பனியிலிருந்து ஒரு முகம் வந்தது. கையில் கத்தரி. கீழே ஓடும் சில் என்னும் ஆற்றின் பச்சை, இரண்டு கண்களில். கோபத்துக்கு நடுவே அதைக் கவனித்துவிட்டதில் அவளுக்குத் தன்மேலேயே கோபம்.

"உங்க வரிசையா? எங்களுதுன்னு நெனச்சேன்..."

"எல்லையில அத்திமரம் நிக்குதே, கண்ணு தெரியாதா?"

"இந்தப் பனியில மரமே தெரியலைங்க."

"எந்த வீடு?"

"ரமீரோ வீடு. பேரு ப்ராய்ஸ். வீகோ துறைமுகத்துல வேலை. போன வாரம்தான் வந்தேன்."

ரமீரோ வீடு! இடிந்த எல்லைச்சுவரை யார் கட்டுவது என்பதில் அந்த வீட்டோடு அப்பா பேச்சை நிறுத்தி வருஷங்கள் ஆகின்றன.

"வெட்டினதை வெச்சிட்டுக் கெளம்புங்க."

"மிச்சத்தைத் தனியா வெட்டுவீங்களா? சாயங்காலம் மழை."

"வானம் எனக்கும் தெரியுது."

தெரியத்தான் செய்தது. அப்பா கால் முறிந்து வீட்டில் கிடக்கிறார். ஆற்றங்கரை வரை அடுக்கடுக்காக மென்சியா என்ற ஒயின் திராட்சை பழுத்துத் தொங்குகிறது. மெல்லிய தோல். நனைந்தால் பூஞ்சை பிடித்துவிடும். வருஷம் முழுதும் பட்ட பாடு போய்விடும்.

அவன் போகவில்லை.

"தப்பு என்னுது. ஈடு கட்டிட்டுப் போறேன். நீங்க பேச வேண்டாம்."

பேசாமல்தான் ஆரம்பித்தார்கள்.

"அந்தக் குலையை விட்டுட்டீங்க," என்றான் அவன்.

"பேச வேண்டாம்னீங்களே?"

"குலைகிட்ட சொன்னேன்."

சிரிப்பை இலைக்குள் மறைத்துக்கொண்டாள். பனி விலகியது. அத்திமரத்துக்கு அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் திரும்பி வெட்டினாள். பெட்டிகள் தண்டவாள வண்டியில் மலையேறின. இருவர் விரல்களும் ஒரே ஊதா...

கடைசிப் பெட்டி கூரைக்குள் வந்தது. முதல் துளி ஓட்டில் விழுந்தது. பிறகு கொட்டியது. சபேலா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது.

கட்டையை ஊன்றிக்கொண்டு அப்பா வாசலில் நின்றார். பெட்டிகளைப் பார்த்தார். அவனைப் பார்த்தார்.

"ரமீரோ பையனா?"

"ஆமாங்க."

அப்பா கொட்டும் மழையைப் பார்த்தார்.

"நனையாம உள்ள வந்து சூப் குடிக்கச் சொல்லும்மா," என்று மகளிடம் சொல்லிவிட்டுத் திரும்பினார்.

சபேலா எழுந்தாள். அவன் முதலில் வெட்டி நிரப்பிய பெட்டியைத் தொட்டியில் கவிழ்த்தாள். அடியில் பாதி கடித்த அத்திப்பழம்.

"மரமே தெரியலைன்னீங்க?"

அவன் காது சிவந்தது.

"நேத்து எதிர்க்கரையிலேர்ந்து பாத்தேன். நீங்க மட்டும் பெட்டி தூக்கிட்டு ஏறினீங்க. அப்புறம் தூக்கமே வரலை... கேட்டா ரமீரோ வீட்டு உதவி வேணாம்பீங்க. வழி தப்பினவனைத் துரத்த மாட்டீங்கன்னு நெனச்சேன்."

"துரத்தினேனே."

"ரொம்ப இல்லை."

அவள் ஊதா விரல்களைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"பனி விலகினப்பவே பாத்தேன். உங்க வரிசையில ஒரு குலை கூட இல்லை. எப்பவோ வெட்டி முடிச்சிருக்கீங்க."

"அப்பவே தெரியுமா? ஏன் ஒண்ணும் கேக்கலை?"

"கேட்டா... நீங்க போயிடுவீங்களே."